படகு வாங்கலாமா?

பிள்ளைகள் பெற்றோரிடம் யோசனை கேட்பதில் இரண்டு விதம் உண்டு. தீர்மானம் செய்வதற்கு முன்னால் கேட்பது ஒன்று. தீர்மானம் செய்த பிறகு கேட்பது மற்றொன்று. முதல் விதத்தைப் பற்றி நான் புஸ்தகங்களில் படித்திருக்கிறேன். என் அநுபவமெல்லாம் இரண்டாவது விதத்தில்தான்.

ஆகையால், அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் புதல்வன் ஒருநாள் கைப்பேசியில் கூப்பிட்டு, "அப்பா! ஒரு படகு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டபோது, படகு அநேகமாக அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உபாத்தியாயர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நான், என் சகதர்மிணியுடன் கொடைக்கானலில் ஏரியைப் பார்த்த ஒரு சிறு வீட்டில் வசித்து வருகிறேன். ஏரியைத் தினந்தோறும் பார்க்கிறவன் என்பதைத் தவிர, படகைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆனால் யோக்கியதை இல்லாத விஷயத்தில்தான் மனிதனுக்கு அபிப்பிராயம் அதிகமாய் இருக்கிறது. "முதலில் படத்தை அனுப்பு" என்றேன்.

படம் வந்தது. அது சாதாரணப் படகு அல்ல. காலையில் அதில் ஏறி மீன் பிடிக்கலாம். மாலையில் அதன் பின்னால் கயிற்றைக் கட்டி, காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு, தண்ணீரின்மேல் சறுக்கி விளையாடலாம். முன்புறத்தில் தூண்டில்காரர் உட்காரச் சுழல் நாற்காலி. பிடித்த மீனை உயிரோடு வைக்க ஒரு தொட்டி. பின்புறத்தில் பலமான இயந்திரம். கயிற்றை மாட்ட ஒரு கம்பம். விலை ஒரு நல்ல மோட்டார் காரின் விலைக்குக் குறையவில்லை.

என் மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இட்லிப் பானையிலேயே தோசையும் வார்க்கலாம் என்கிறானா?" என்று கேட்டாள்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பாதியை அவள் சொல்லிவிட்டாள். மீன் பிடிப்பது அசையாமல் இருக்கும் கலை; நீர்ச்சறுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் கலை. இயந்திரத்தின் சத்தத்தில் மீன் ஓடிவிடும்; தூண்டில்காரரின் நிதானத்தில் சறுக்குகிறவர் மூழ்கிவிடுவார். தேர்ந்தவர்களை இழுக்க மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க, பின்னால் வருகிறவரைக் கவனிக்க இன்னொருவர் இருப்பது நல்லது. இத்தனை பேரும் வெறுங்காலோடு ஏறி இறங்கும் படகில் தூண்டில் முள் ஒன்று தவறிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

"சரி, ஜூன் மாதம் வருகிறாயல்லவா? நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லி வைத்தேன்.

* * *

ஜூன் மாதத்தில் புதல்வனும் மருமகளும் ஒன்பது வயதுப் பேரனும் வந்தார்கள். மறுநாளே ஏரிக்குப் புறப்பட்டோம். கரையில் குதிரைக்காரர்கள், வாடகைச் சைக்கிள்கள், சுட்ட சோளக்கதிரின் வாசனை, மேலே மூடுபனி. துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஏழு வயதில் இந்த ஏரியில்தான் என் மகன் துடுப்புப் பிடிக்கக் கற்றான். அப்போது நான் எதிரே உட்கார்ந்து, "இடது கை, வலது கை" என்று சொல்லிக் கொண்டிருந்தேன். இப்போது அவன் எதிரே உட்கார்ந்து தன் மகனுக்கு அதையே சொன்னான்.

"தாத்தா, இது யார் செய்த ஏரி?" என்று பேரன் கேட்டான். அமெரிக்காவில் வளர்ந்த குழந்தையாயினும் கேள்வி நல்ல கேள்வி. இது இயற்கையாய் உண்டான ஏரி அல்ல. 1863-ல், மதுரைக் கலெக்டராய் இருந்த லெவிஞ்ச் துரை மலை ஓடைகளுக்குக் குறுக்கே அணைபோட்டு உண்டாக்கினார். நட்சத்திர வடிவம், விஸ்தீரணம் சுமார் 60 ஏக்கர், சுற்றி வந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். முதல் படகையும் அவர்தான் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். அந்தக் காலத்தில் மலைமேல் மோட்டார் சாலை கிடையாது. கடற்கரையில் பிறந்த அந்தப் படகு ஏழாயிரம் அடி உயரம் ஏறி வந்திருக்கிறது என்றால், சுமந்தவர்களின் தோள்களை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

"இங்கே மீன் பிடிக்கலாமா?" என்பது பேரனின் அடுத்த கேள்வி. மீன்கள் இருக்கின்றன. ஆனால் இவ்வூரில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் வெளியேறிய விவகாரத்தால் 2001-ல் மூடப்பட்டது. ஏரி மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருப்பதாக 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. படகுகள் வந்து போகும். தண்ணீரோ தன்னிடம் விட்டதையெல்லாம் வைத்துக்கொள்கிறது. "பார்க்கலாம், கண்ணா. பிடிக்க வேண்டாம்" என்றேன்.

நான் மெதுவாகப் படகுப் பேச்சை எடுத்தேன்.

"இந்தச் சிறு படகில் என்ன குறை? சத்தமில்லை, பெட்ரோல் இல்லை; இறங்கியவுடன் நம் பொறுப்பும் தீர்ந்தது. உன் ஊர் ஏரிகள் பனிக்காலத்தில் உறைந்துவிடும் என்கிறாய். ஏப்ரல் வரையில் படகை மூடி வைத்து வாடகை கொடுக்க வேண்டும். எத்தனை நாள் ஓட்டப் போகிறாய்?"

"யார் கழுவப் போகிறார்கள் என்றும் கேளுங்கள், மாமா" என்றாள் மருமகள்.

மகன் சிரிக்கவில்லை. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"அப்பா, எங்கள் ஊரில் கோடைக்காலம் என்றால் ஏரிதான். பலகை கட்டிச் சறுக்கும் விளையாட்டே எங்கள் மாகாணத்தில் பிறந்தது. 1922-ல் பெபின் ஏரியில் ரால்ப் சாமுவெல்ஸன் என்ற பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலில் சறுக்கிக் காட்டினான். சனி, ஞாயிறு வந்தால் எல்லாரும் ஜலத்தின்மேல் இருப்பார்கள். எங்களையும் அன்போடு கூப்பிடுகிறார்கள்; போகிறோம். பத்து வருஷமாகப் போகிறோம். ஒருநாள் இவன் என்னைக் கேட்டான், 'அப்பா, நாம் மட்டும் ஏன் எப்பொழுதும் விருந்தாளிகள்?' என்று. அன்றைக்குத்தான் படகு விலையை விசாரிக்க ஆரம்பித்தேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி இந்த ஏரிக்கும் பழக்கமான கேள்வி. இங்கே 1890-ல் படகுச் சங்கம் ஏற்பட்டது. 1910-ல் புதுப் படகு வீடும் கட்டினார்கள். பொது ஜனங்களும் யாத்ரீகர்களும் தற்காலிக அங்கத்தினராகிப் படகில் ஏற இடம் கிடைத்தது 1932-ல்தான். நம் மலையில், நம் ஓடைகளின் ஜலத்தில், நாற்பது வருஷத்துக்கு மேல் நாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். பிறருடைய படகு எவ்வளவு அழகாயிருந்தாலும் அது பிறருடைய படகுதான்.

ஆயினும் தகப்பன் எளிதில் தோற்கலாமா? "ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாரேன்" என்றேன்.

"வ. உ. சி.யும் முதலில் வாடகைக்குத்தான் எடுத்தார், அப்பா" என்றான்.

நான் சொல்லிக் கொடுத்த சரித்திரத்தையே என்மேல் திருப்பினான்! உண்மைதான். லெவிஞ்ச் துரையின் படகு புறப்பட்ட அதே தூத்துக்குடியில், 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் பின்வாங்கினார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் காரியம் நடவாது என்று கண்ட சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

"கப்பல் வந்த கதையைச் சொன்னாய், அது போன கதையையும் சொல்" என்றேன். "எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பது ஒவ்வொரு நாளும் வேலை. மேலும் அவர் ஒரு தேசத்துக்காக வாங்கினார்."

"நான் ஒரு குழந்தைக்காக வாங்குகிறேன்" என்றான்.

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பேரன் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு, படகை வட்டம் சுற்றவைத்துக் கொண்டிருந்தான்.

* * *

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்ரோல், பனிக்காலம், தூண்டில் முள் என்று நான் அடுக்கிய காரணங்களெல்லாம் நியாயமானவைதாம். ஆனால் அவற்றில் ஒன்றுகூட என் உண்மைக் காரணம் அல்ல. அந்த ஊரில் கோடை குறுகியது. பேரனுக்குப் பள்ளிக்கூட விடுமுறையும் அதே ஜூன், ஜூலையில்தான். அவ்வளவு பணம் போட்டுப் படகு வாங்கியவன் அந்த இரண்டு மாதங்களையும் அதை விட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கு வருவானா? அந்தப் படகு என் மகனை எங்களிடமிருந்து இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். எனக்கு இருந்த பயம் அதுதான். அதை மறைத்து, பொருளாதார சாஸ்திரம் பேசினேன்.

காலையில் காபி சாப்பிடும்போது அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

அவன் வெகுநேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் அது தோன்றியது, அப்பா. அதனால்தான் உங்களைக் கேட்டேன்" என்றான்.

ஆக, அவன் தீர்மானம் செய்வதற்கு முன்னால்தான் கேட்டிருக்கிறான்! நான்தான் அறியவில்லை.

பிறகு நடந்த ஆலோசனை சீக்கிரம் முடிந்தது. இரண்டு வேலைக்கு ஒரு படகு வேண்டாம்; எது அதிகம் வேண்டுமோ அதற்கு ஏற்ற படகு போதும். புதிது அவசியமில்லை. ஏரி உறைவதற்கு முன் பழைய படகுகளை விற்கிறவர்கள் இருப்பார்கள், அப்போது பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில், இந்தியா வருவதற்கான பிரயாணச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சுவதில் படகு. இந்தக் கடைசி நிபந்தனையை விதித்தவள் மருமகள். அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்டோபர் மாதம் ஒரு படம் வந்தது. மீன் பிடிப்பதற்கான பழைய சிறு படகு. அதில் பேரனும், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேரன், விருந்து கொடுக்கிறவனுக்குரிய முகத்தோடு.

டிசம்பரில் இன்னொரு படம். வீட்டுக்குப் பின்னால் படகைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு முழம் பனி.

என் மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் பார்த்தாள்.

"பாவம், அதுவும் நம்மைப் போல ஜூன் மாதத்துக்காகக் காத்திருக்கிறது" என்றாள்.