எழுதித் தராத மனு

எனக்கு அகவிலைப்படி தவறாமல் வர வேண்டும், அவருக்கு வராவிட்டால் பரவாயில்லை என்றுதான் பல வருடம் இருந்தேன்.

அவர் மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அரசாங்கத்தில் கணக்குப் பிரிவு. கே.கே. நகர் சிவன் பூங்காவில் காலையில் சேர்ந்து நடப்போம். என் பென்ஷனைக் கருவூலம் தருகிறது. அவருடையது 1998இல் தொடங்கிய திட்டம். தனி அறக்கட்டளை நிதியிலிருந்து வருவது. போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓட, அந்த நிதியில் பற்றாக்குறை விழுந்தது. 2015 நவம்பரோடு அவர்களுக்குப் படி உயர்வு நின்றது. பென்ஷனைக் குறைக்கிறோம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. தொகை அப்படியே நிற்க, பருப்பும் மாத்திரையும் விலை ஏற ஏற வெட்டு தானாக விழுந்தது.

“ஒரு மனு எழுதித் தாங்க சார். உங்களுக்குத்தான் அரசாங்கத்துக்கு எழுதுற விதம் தெரியும்” என்று கேட்டார்.

“உங்களுது டிரஸ்ட். அதுல பணம் இல்லைன்னா சட்டப்படி என்ன செய்ய முடியும்?” என்றேன். அதற்குப் பிறகும் கேட்டார். கண் சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன்.

நிதி ஏன் வற்றியது என்று எனக்குத் தெரியும். கட்டணத்தைத் தீர்மானிப்பது அரசு. 2011 நவம்பரில் உயர்த்திய கட்டணத்தை அடுத்து 2018 ஜனவரியில்தான் உயர்த்தினார்கள். டீசலும் உதிரிபாகமும் அதுவரை காத்திருக்கவில்லை. தொழிலாளிகளின் சம்பளத்தில் பிடித்த பணத்தையே கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டன என்று 2018 வேலைநிறுத்தத்தின்போது சங்கங்கள் குற்றம் சாட்டின. இதில் எதற்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் பொறுப்பல்ல. அப்படியிருந்தும் பாக்கியை அவர் தலையில் கட்டுவதை நான் நியாயம் என்று பேசினேன்.

2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி எங்கள் படியையும் 17 சதவீதத்தில் நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில்தான் அது 31 ஆனது. அந்த இரண்டு வருடமும் நான் கொதித்தேன். ஓய்வூதியம் கருணைக் கொடையல்ல, உரிமை என்று 1982 நகாரா வழக்குத் தீர்ப்பைக் காட்டி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதினேன். கண் அப்போது நன்றாகத்தான் தெரிந்தது. எங்கள் படி நின்றபோது நடத்துநருக்கு அது நின்று ஐந்தாவது வருடம். அந்தத் தீர்ப்பு அவருக்கும் பொருந்துமே என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓய்வுபெற்றோரின் 96 மாத அகவிலைப்படியும் கோரிக்கைகளில் இருந்தது. தொண்ணூற்றாறு மாதம். அன்றும் அவரைக் கண்டதும் நான் கேட்டது, பஸ் ஓடுமா என்றுதான்.

சட்டம் பேசியதெல்லாம் சாக்கு. அவர்கள் நிலுவையையும் அரசே ஏற்றுக்கொண்டால் எங்கள் அடுத்த தவணை தள்ளிப்போகுமோ என்ற பயம் எனக்கு. ஒரே கஜானா, கை நீட்டுகிறவர்கள் கூடக் கூடாது என்று கணக்குப் போட்டேன். நாள் தவறாமல் என்னோடு நடந்த மனிதரைப் பங்குக்கு வருகிறவராகப் பார்த்தேன்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லி, மனுவை இப்போது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“சங்கத்துல வக்கீல் வச்சு கோர்ட்டுக்குப் போயாச்சு சார்” என்றார். “மனுவெல்லாம் அப்பவே வேற ஆளை வச்சு எழுதிட்டோம்.”