மூச்சை மிச்சம் வைத்து ஓடுதல்



நாற்பத்தேழு வயதுள்ள ஒருவர் சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு முதுகில் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினால் நம்மவர்கள் என்ன நினைப்பார்கள்? கடலூர் முதுநகரில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது, "என்ன காக்கா, ரயிலுக்கு நேரமாகிவிட்டதா?" என்பதுதான். கேட்ட தம்பியின் மீது குற்றமில்லை. ஓட்டம் பிள்ளைகளுக்கு உரியது, பெரியவர் ஓடினால் ஏதோ ஆபத்து என்றே நம் தெருக்களில் கருதப்படுகிறது. தொழுகைக்கு ஓடி வராமல் நிதானமாக வரும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைக்கூட ஒருவர் எனக்கு நினைவூட்டினார். அது தொழுகைக்குரிய ஒழுங்கு. தொழுதுவிட்டு வெளியே வந்தவனை அது தடுக்கவில்லை.

நான் ஓடத் தொடங்கிய காரணம் எளியது. வளைகுடாவில் பல ஆண்டுகள் மேசைப் பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது எனக்கு ஹெச்பிஏ1சி 9.4. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இந்த அளவு 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு. எடை 94 கிலோ. எங்கள் வீட்டில் இது புதிய நோயும் அன்று. என் வாப்பா ஹஜ்ஜுக்கென்று பணம் சேர்த்து வைத்திருந்தார். பணம் நிறைந்த ஆண்டில் வலது காலின் ஒரு விரலில் புண் வந்தது, விரல் போயிற்று, பிறகு பாதமும் போயிற்று. எஞ்சிய ஆறு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். பிறருடைய ஸஃயைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை சென்றால் மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அந்த மூன்று கிலோமீட்டரை என் கால்களால் கடக்க வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட நிய்யத்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று மதிப்பிட்டது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். வலீமா விருந்துகளில் என்னோடு ஒரே சஹனில் அமர்பவர்களை எண்ணினாலே இந்தக் கணக்கு எனக்கு வியப்பைத் தருவதில்லை.

மருத்துவர் இதயத்தையும் கண்களையும் பாதங்களையும் பரிசோதித்த பின்னரே அனுமதித்தார். முதல் எட்டு மாதங்கள் நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. தசை இயங்கும்போது இன்சுலினின் துணை அதிகம் இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். நம் உடலுக்குள் இப்படியொரு மாற்று வழியை வைத்த ரப்புக்கே புகழனைத்தும்.

தார்ச்சாலை முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. லாரிகளும் அஞ்ச வைத்தன. ஆகவே மணலுக்கும் வரப்புக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் மாறினேன். இதை 'டிரெயில் ரன்னிங்' என்கிறார்கள். எனக்கு அது மண்பாதை ஓட்டம். கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் கால் நன்றாக ஊன்றும். அதைவிட்டு மேலே காய்ந்த மணலில் ஏறினால், ஒரே தூரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலான உழைப்பு ஆகிவிடும். கடை ஏதுமில்லாத இடத்தில் தண்ணீரை நாமே சுமக்க வேண்டும். அப்படித்தான் முதுகுப்பை வந்தது.

பையில் இருப்பவற்றைப் பலரும் கேட்பதால் சொல்கிறேன். இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் தூள், பேரீச்சம்பழம், மாற்றுக் காலுறை, ஒரு கைலி, தொப்பி, மடித்தால் கையளவாகும் மெல்லிய முஸல்லா. எல்லாம் சேர்ந்து நான்கு கிலோ. மார்புக்குக் குறுக்கே வார் இல்லாத பை குதித்துக் குதித்து முதுகைத் தேய்த்துவிடும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் முதலில் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதனை. பேரீச்சை அதற்குப் பின்னர்தான். பேரீச்சையின் மீது நமக்குள்ள அன்பு பெரிது. ஆனால் அவசரத்தில் தூள் விரைவாக வேலை செய்கிறது. நீரிழிவுள்ளவர்கள் வெறுங்காலுடன் மணலில் இறங்கவே கூடாது. ஒரு கிளிஞ்சல் போதும். வாப்பாவின் புண்ணும் அவ்வளவு சிறியதாகத்தான் தொடங்கியது.

சுமையோடு ஓடுவது நம் மண்ணுக்கு அந்நியமன்று. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியா வந்து, அரபிகள் மஅபர் என்றழைத்த நம் தமிழ்க் கரையிலும் இறங்கிய இப்னு பதூதா, இந்நாட்டின் ஓட்டத் தபாலைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். ஒரு மைலுக்கு மூன்று நிலையங்கள். ஒரு கையில் கடிதம், மறு கையில் செம்பு மணிகள் கட்டிய கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தார் எழுந்து ஆயத்தமாவார். குதிரைத் தபாலைவிட இது விரைவு என்கிறார் அவர். குராசானத்துக் கனிகள்கூட இவ்வாறே சுல்தானிடம் போய்ச் சேர்ந்தனவாம். நம் காலத்தில் மொராக்கோவின் சஹாராவில் 1986 முதல் ஓர் ஓட்டம் நடக்கிறது. ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குத் தம் உணவையும் படுக்கையையும் வீரர்கள் தாமே சுமந்து ஓட வேண்டும். அதைப் பத்து முறை வென்ற லஹ்ஸன் அஹன்ஸால், நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஆயினும் எனக்கு ஓடக் கற்றுத்தந்தவர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள். நபிகளாரின் ஒட்டகங்களைக் கொள்ளையிட்டவர்களை அவர் தனியாளாகக் கால்நடையாகவே துரத்திய வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் விரிவாக உள்ளது. தப்பியோடியவர்கள் பாரம் குறையட்டும் என்று முப்பதுக்கும் மேற்பட்ட போர்வைகளையும் முப்பது ஈட்டிகளையும் வழியில் எறிந்துவிட்டுப் போனார்கள். மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் தோற்றறியாத ஓர் அன்ஸாரித் தோழர் பந்தயத்துக்கு அழைக்கிறார். ஸலமா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்று ஓடுகிறார். எடுத்தவுடன் பாயவில்லை. ஓரிரு மேடுகள் வரை தம் மூச்சைக் காத்துக்கொண்டு பின்தங்கியே ஓடுகிறார். பிறகு எட்டிப் பிடித்து, முன்னவரின் இரு தோள்களுக்கிடையே தட்டி, முந்திச் செல்கிறார். இன்று பயிற்சியாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவது இதைத்தான். பேச முடிகிற வேகத்திலேயே ஓடுங்கள். எனக்கு அது திக்ரு நாவில் தடையின்றி வருகிற வேகம். 'ஸுப்ஹானல்லாஹ்' பாதியில் அறுந்தால் நடைக்கு மாறிவிடுவேன்.

இப்படி ஓடி ஓடி, சென்ற ஜனவரியில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரே நாளில் போனேன். நேர்சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நான் போனது கடலோரமாகச் சுற்றி. பயணத் தொழுகைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேண்டும் என்பது நம் பகுதி ஆலிம்கள் பலர் சொல்லும் கணக்காதலால், சுருக்காமல் முழுமையாகவே தொழுதேன். நாளைத் தொழுகை நேரங்களால் பகுத்துக்கொண்டேன்: சுப்ஹு முதுநகரில், லுஹரும் அஸரும் பரங்கிப்பேட்டையில், மஃரிப் சிதம்பரத்தில்.

முதுநகரைத் தாண்டித் தொழிற்சாலைப் பகுதியைக் கடக்கும் வரை சாலைதான். சித்திரைப்பேட்டைப் பக்கம் கடலை நோக்கித் திரும்பியதும் காற்று மாறியது. சவுக்குத் தோப்புக்குள் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் கிடந்தன, காலடியோசையே இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, எந்த ஊர் என்றார். இருப்பது கடலூர், பிறந்தது பரங்கிப்பேட்டை என்றேன். உள்ளே குரல்கொடுத்துச் செம்பில் தண்ணீர் வரவழைத்தார். "சுனாமி அன்றைக்கு உங்கள் ஊர்க்காரர்கள்தாம் எங்களுக்குச் சோறு போட்டார்கள்" என்றார். 2004 டிசம்பர் 26 அன்றும் அதன் பின்னும் எங்கள் ஜமாஅத்தார் கடலோர மீனவக் கிராம மக்களுக்கு உணவளித்து அரவணைத்ததை ஊரில் அனைவரும் அறிவர். இரண்டு லிட்டர் தண்ணீர் முதுகில் இருந்தும், அந்தச் செம்பை மறுக்க மனம் வரவில்லை.

சாமியார்பேட்டையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து பரங்கிப்பேட்டை வரை பாதிக்குப் பாதி நடந்தேன். 1781-இல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதியது எங்கள் ஊரையொட்டிய இந்த மணல் வெளியில்தான். பீரங்கிகளை இந்த மணலில் எப்படி இழுத்தார்களோ என்று வியந்துகொண்டே மஹ்மூது பந்தருக்குள் நுழைந்தேன். எங்கள் ஊரின் பழைய பெயர் அது. பெரியவர்கள் அதைச் சொன்னால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும். பள்ளியில் உளூச் செய்யும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுகையில் பாதங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கொப்புளம் ஒன்று, அவ்வளவே. நீரிழிவாளருக்குப் பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்கிறது மருத்துவம். நாம் அதை நாளுக்குப் பலமுறை கழுவுகிறோம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும்.

அஸருக்குப் பிறகு பு.முட்லூர் வழியாக வெள்ளாற்றுப் பாலம். இருபுறமும் சம்பா முற்றி நின்றது. தொலைவில் நடராசர் கோயில் கோபுரங்கள் தெரிந்தபோது கால்கள் தாமாகவே வேகங்கொண்டன. மஃரிப் தொழுதுவிட்டு ரயிலேறி வீடு திரும்பினேன். அன்று காலைச் சர்க்கரை 118, இரவில் 104. அந்த மாத ஹெச்பிஏ1சி 6.6, எடை 77 கிலோ. மருந்து ஒன்று குறைக்கப்பட்டது; ஒன்று தொடர்கிறது. அதை மருத்துவர் முடிவு செய்தார், நான் அன்று. நோன்பு மாதத்தில் ஓடுவதில்லை. தராவீஹுக்குப் பின் நடை மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும் என்பதால் ஆற்றோரம் போவதில்லை. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் ஓடுபவர்கள் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

அன்றிரவு என் மனைவி கொப்புளத்துக்கு மருந்திட்டுக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு ஊரெல்லாம் பாதை. எனக்கு மொட்டைமாடிதானா?"

அவளுக்கும் சர்க்கரை உண்டு. மூன்று ஆண்டுகளாக மாடியில் தஸ்பீஹ் மணியை உருட்டிச் சுற்றுகளை எண்ணி நடக்கிறாள். நாற்பது சுற்றுகள், எப்போதும் அதே தண்ணீர்த் தொட்டி, அதே துணிக்கொடி. அவள் கேட்டதில் கோபம் இல்லை. அதனாலேயே விடை சொல்லாமல் தப்ப முடியவில்லை. நம் மஹல்லாக்களில் மைதானம் என்றால் பையன்களின் கிரிக்கெட். பெண்கள் நடப்பதற்கென ஒரு மணி நேரம், ஓர் இடம் ஒதுக்கிய ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்த செய்தி நமக்குத் தெரியும். முதலில் அன்னை வென்றார்கள். பின்னொரு பயணத்தில், உடல் சதை போட்டிருந்த காலத்தில், நபிகளார் வென்று, இது அதற்குப் பதில் என்று சிரித்தார்கள். மேடைகளில் இதைக் கணவன் மனைவி அன்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பில் இன்னொரு விவரமும் உண்டு: உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டே அவர்கள் பந்தயத்துக்கு அழைத்தார்கள். அதாவது, அன்னையவர்கள் ஓடுவதற்காக முதலில் பாதை ஒதுக்கிக் கொடுக்கப்பட்டது.

இப்போது வாரம் மூன்று நாள் சுப்ஹுக்குப் பின் இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறோம். கூட்டம் நிற்கும் இடத்தைவிட்டு வடக்கே தள்ளி நடக்கிறோம். அபாயாவின் கீழ்விளிம்பைக் கணுக்காலுக்குச் சற்று உயர்த்தித் தைத்து, உள்ளே தளர்ந்த கால்சட்டையும் ஓட்டக் காலணியும் அணிகிறாள். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர், இப்போது ஐந்து. இடையிடையே ஓடுகிறாள். பக்கத்துத் தெருச் சகோதரிகள் இருவர் சென்ற மாதம் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வந்தபின் நான் நூறடி பின்னால் பையோடு வருகிறேன். தண்ணீர் கேட்டால் மட்டும் முன்னே போவேன்.

வரும் ஜனவரியில், இன்ஷா அல்லாஹ், அவள் புதுச்சத்திரம் ரயில் நிலையத்தில் இறங்கி, சாமியார்பேட்டைக் கடற்கரை வழியாகப் பரங்கிப்பேட்டையில் உள்ள தன் உம்மா வீட்டுக்கு நடந்தும் ஓடியும் போவதாக இருக்கிறாள். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு பை வாங்கியாயிற்று. மார்பு வார் இருக்கிறதா என்று கடையில் அவளே இழுத்துப் பார்த்து எடுத்தாள்.