தண்ணியும் தாளும் ஒரு பையிலா?

எனது கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய கமரா இருக்கும். கைத்தொலைபேசியில் எல்லோரும் படமெடுக்கும் இக்காலத்தில், பிலிம் சுருள் போட்டு எடுக்கும் பழைய கமரா எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. அலுவலகத்தில் சிரிப்பார்கள். கிராமங்களிலுள்ள அம்மாமார் மட்டும் சிரிப்பதில்லை. "இப்பிடி ஒண்டு எங்கட வீட்டிலயும் இருந்தது பிள்ளை" என்று கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

அது ஒலிம்பஸ் நிறுவனத்தின் 'ட்ரிப் 35' என்னும் யப்பானியக் கமரா. 1967 முதல் 1984 வரை தயாரிக்கப்பட்டது. எண்பதுகளில் மத்திய கிழக்கில் வேலை செய்த என் மாமா வாங்கி வந்தது. வவுனியாவில் சித்தி வீட்டில் இருந்தபடியால் தப்பியது. இதற்குப் பற்றறி தேவையில்லை. வில்லையைச் சுற்றித் தேன்கூடு போன்ற ஒரு வளையம் இருக்கிறது. அதனுள் உள்ள செலினியம் கலம் வெளிச்சத்திலிருந்தே மின்சாரத்தைப் பெற்று வெளிச்சத்தின் அளவைக் கணித்துக்கொள்ளும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது ரோர்ச் பற்றறிகூட வன்னிக்கு வரத் தடையிருந்ததை எமது வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு காலத்திலும் இயங்கக்கூடிய கமரா இது என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனி மதிப்பு.

ஆனால் நான் இதைச் சுமப்பதற்குக் காரணம் அதுவல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பியர் போர்டியூ என்ற பிரெஞ்சு அறிஞர் தமது சகாக்களுடன் இணைந்து 1965இல் வெளியிட்ட ஒரு நூலைப் பற்றி அறிந்தேன். ஒரு குடும்பம் தன்னைக் குடும்பமாக உறுதிப்படுத்திக்கொள்ளும் சடங்குகளில் படமெடுப்பதும் ஒன்று என்பது அந்நூலின் கருத்துகளில் ஒன்று. அன்று பரீட்சைக்காகவே அதை மனனம் செய்தேன். வேலைக்கு வந்த பின்னர்தான் அதன் மறுபக்கம் புரிந்தது. இடப்பெயர்வில் எங்கள் பெண்கள் வீட்டையும் வயலையும் இழந்தபோது படங்களையும் இழந்தார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம் இருந்தது. பிடிப்பதற்கு ஒரு படமும் இல்லாத தாய்மாரையும் எனது வேலையில் சந்தித்திருக்கிறேன்.

ஆகவே, நான் போகும் கிராமங்களில் விரும்பிக் கேட்பவர்களைப் படமெடுத்துக் கடதாசியில் அச்சிட்டுக் கொடுத்து வருகிறேன். தொலைபேசி உடைந்தால் படமும் போய்விடுகிறது. பிலிமில் எடுத்தால் நெகட்டிவ் என்ற மூலப்பிரதி மிஞ்சும். அடுத்த முறையும் அச்சிடலாம்.

ஒரு சுருளில் 36 படங்கள். முடிந்த சுருளைக் கொழும்புக்கு அனுப்பித்தான் கழுவுகிறேன். ஒரு சுருள் முடிய எனக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ செல்லும். அதுவரை 36 பேரின் முகங்கள் ஒரு சிறிய இருட்டறைக்குள் இருந்து என்னுடன் பயணம் செய்கின்றன. இதன் பொருளை நான் ஒரு தவறு செய்த பின்புதான் உணர்ந்தேன்.

நான் செய்த தவறு

முல்லைத்தீவு மாவட்டக் கிராமமொன்றில் ஒரு வயதான அம்மா இருந்தார். மகள் வெளிநாட்டில். அவரிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்த படம். "வெள்ளைச் சீலை உடுத்து ஒரு படம் எடுத்துத் தா பிள்ளை. மகளுக்கு ஒண்டு, நான் செத்தால் வைக்க ஒண்டு" என்றார். வேலியோரம் கதிரை போட்டு இருத்தி இரண்டு படங்கள் எடுத்தேன். அந்தச் சுருளில் 22 படங்கள் ஆகியிருந்தன.

திரும்பும் வழியில் கமராவைக் கைப்பைக்குள் போட்டேன். அதே பைக்குள் தண்ணீர்ப் போத்தலும் இருந்தது. கிரவல் றோட்டில் ஸ்கூட்டி குலுங்கிய குலுக்கத்தில் போத்தலின் மூடி தளர்ந்துவிட்டது. பையைத் திறந்தபோது கமரா தண்ணீருக்குள் கிடந்தது. பதற்றத்தில் இன்னொரு பெரிய தவறையும் செய்தேன். உள்ளே ஈரம் போயிருக்குமே, துடைப்போம் என்று நட்டநடு வெயிலில் பின்கதவைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் பட்ட பிலிமில் எதுவும் மிஞ்சாது. நனைந்ததில் மிச்சமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

அடுத்த மாதம் போய் மீண்டும் எடுக்கலாம் என்று மனதைத் தேற்றினேன். இரண்டு கிழமைக்குள் அந்த அம்மா இறந்துவிட்டார். செத்தவீட்டுக்குப் போனேன். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் மங்கிப்போயிருந்தது. மகளிடமிருந்து அழைப்பு வந்தபோது, "அம்மாவைப் படமெடுத்தனீங்களாம், அனுப்புவீங்களா அக்கா?" என்று கேட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அக்கா சொல்லித் தந்த பாடம்

அந்தச் செத்தவீட்டில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் என்னை ஆறுதல்படுத்தவில்லை. "பிள்ளை, தண்ணியையும் தாளையும் ஆராவது ஒரு பைக்குள்ள வைப்பினமே? மாத்தளனுக்கால வரேக்கை காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் என்ர இடுப்பில, தண்ணிப் போத்தல் கையில. அப்பிடித்தான் வந்தனான்" என்றார்.

பின்பு உள்ளே போய் ஒரு பொதியைக் கொண்டுவந்து காட்டினார். பழைய வேட்டித் துண்டினால் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் உறை போட்டு, உறையின் வாயை இரண்டு மடிப்பு மடித்து இறப்பர் பட்டியால் கட்டி, அதைத் துணிப்பையொன்றில் வைத்து நாடாவால் இடுப்பில் கட்டும்படி தைத்திருந்தார். உள்ளே உறுதியும் பத்திரங்களும் அவருடைய கலியாணப் படமும் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. 2009இல் மட்டுமல்ல, 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோதும் அந்தப் பொதியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு வெளியேறினாராம்.

கமராவை எப்படிக் காவுவது என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அன்று அந்த அக்காவின் பொதியிலிருந்துதான் படித்தேன். அதன்பின் எனது அனுபவத்தில் சேர்ந்தவற்றையும் கூட்டி இங்கே எழுதுகிறேன். உங்களில் யாருடைய வீட்டிலாவது பழைய கமரா இருந்தால் உதவும்.

ஈரம்: தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, திறப்புக்கோர்வை ஆகிய மூன்றும் கமராவுடன் ஒரே பையில் இருக்கக் கூடாது. முதல் இரண்டும் நனைக்கும், மூன்றாவது கீறும். கமராவை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, மழைக்காலமாயின் மேலே ஒரு பொலித்தீன் உறை போடுங்கள். ஆனால் வீடு வந்ததும் பொலித்தீனைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து அதுவே ஈரமாகிவிடும். தப்பித்தவறி நனைந்தால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். உள்ளே பிலிம் இருக்கும்போது பின்கதவைத் திறக்கவே கூடாது. முதலில் பிலிமை முழுவதுமாகச் சுருளுக்குள் திருப்பிச் சுற்றிவிட வேண்டும்.

குலுக்கம்: சைக்கிளின் முன்கூடையிலோ ஸ்கூட்டியின் கொளுக்கியிலோ கமராவைத் தொங்கவிடாதீர்கள். எங்கள் றோட்டுகளின் குலுக்கத்தில் சிறிய ஆணிகள் தளரும். பைப் பட்டியைத் தோளுக்குக் குறுக்காகப் போட்டு, பையை வயிற்றோடு அணைத்தபடி வைத்திருங்கள். உடம்பு குலுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிப்பவர்களிடமிருந்தும் இது காக்கும். கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால் குனியும்போது கிணற்றுக்கட்டிலும் மேசையிலும் இடிபடும். மணிக்கட்டில் ஒரு சிறிய நாடா போதுமானது.

வெப்பம்: ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் அது ஒரு அடுப்பு. பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்திலுள்ள எஞ்சின் மூடியின்மேல் பைகளை வைக்கச் சொல்வார்கள். அதுவும் அப்படியே. வெப்பத்தில் பிலிமின் நிறம் கெடும். எவ்வளவு நெரிசலானாலும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடி: வில்லையின் மூடியைப் படமெடுத்த உடனேயே போட்டுவிடுங்கள். என்னுடைய கமராவில் இதனால் இரட்டை நன்மை. தானியங்கி நிலையில் வைத்து மூடி போட்டால் வெளிச்சம் கிடைக்காதபடியால் பொத்தானே அமுங்காது. பைக்குள் தெரியாமல் அழுத்துப்பட்டுப் படம் வீணாகாது. தூசி படிந்தால் சீலைத் தலைப்பால் துடைக்க வேண்டாம். அதிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் தூசியை ஊதும் சிறிய இறப்பர் குமிழால் ஊதி, பின்பு தோய்த்துக் காயவைத்த மென்மையான துணியால் துடையுங்கள். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உப்புக் காற்றுப் பட்டிருக்கும். அன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

பூஞ்சணம்: மாரி காலத்தில் கமராவை உடுப்பு அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தோலுறை ஈரத்தை இழுக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளை எறியாமல் சேர்த்து, காற்றுப் புகாத பிஸ்கற் ரின் ஒன்றில் கமராவுடன் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட வைத்தால் வில்லையில் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

முடிந்த சுருள்: இதுவே கமராவைவிடப் பெறுமதியானது. ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி இலக்கம் மட்டும் எழுதுங்கள். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். பெயர்கள் உங்கள் குறிப்புப் புத்தகத்தில் இருக்கட்டும். விமானப் பயணம் போவோர் பிலிமை ஒருபோதும் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது. அங்குள்ள கதிர்ப் பரிசோதனை கடுமையானது. கைப்பையில் எடுத்துச் சென்று, கையால் பரிசோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். இப்போது சில விமான நிலையங்களில் கைப்பையைச் சோதிக்கும் புதிய இயந்திரங்களும் பிலிமைப் பழுதாக்குகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எமது பிரதேசங்களில் கமரா என்பது பலருக்குப் பயத்தை உண்டாக்கும் பொருள். சோதனைச் சாவடிகளில் ஒரு கமராவுக்காக எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது எம் மூத்தவர்களுக்குத் தெரியும். முகாம்களுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் முன்னால் அதை வெளியே எடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் போனதும் அதை வெளியே வைத்துக்கொண்டு கதைக்கவும் வேண்டாம். கதைத்து முடிந்து, அவர்களாக விரும்பினால் மட்டும் எடுக்க வேண்டும். ஆட்களின் மனம் நோகாமல் கமராவைக் காவுவதும் பாதுகாப்பில் ஒரு பங்குதான்.

பிறகு நடந்தது

அந்த அக்காவையும் படமெடுக்க ஆசைப்பட்டேன். முதலில் மறுத்தார். கணவர் இல்லாமல் தனியே படமெடுப்பதில் அவருக்குச் சங்கடம். பல மாதங்களின் பின் அவராகவே கேட்டார். வீட்டுக்குள் எடுக்க முயன்றபோது கமராவின் கண்ணில் சிவப்புக் கொடி எழும்பியது. வெளிச்சம் போதாவிட்டால் அது அப்படித்தான் எழும்பித் தடுத்துவிடும். "உது ஏன் சிவப்பாத் தெரியுது?" என்று எட்டிப் பார்த்தார். "வெளிய வரட்டாம் அக்கா" என்றேன். முற்றத்து வேம்பின் கீழ் வந்து நின்றார்.

அந்தச் சுருளை அவர் காட்டிய முறையிலேயே பொதிந்து, எனது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தேன். படம் கழுவி வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "கிழவியாப் போனன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு உள்ளே போய் அந்தப் பொதியை அவிழ்த்து, கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, பழையபடி இரண்டு மடிப்பு மடித்துக் கட்டினார்.

சகோதரிகளே, உங்களில் பலரிடம் கமரா இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் தொலைபேசியில் அம்மாவின் படமும் பிள்ளைகளின் படமும் இருக்கும். அவற்றில் இரண்டையாவது கடதாசியில் அச்சிட்டு, துணியில் சுற்றி, பொலித்தீன் உறைக்குள் வைத்து, உறுதியும் பத்திரங்களும் இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டிலே ஒரு முதியவர் "என்னை ஒரு படம் எடு" என்று கேட்டால் நாளைக்கு என்று சொல்லாதீர்கள். வெள்ளைச் சீலையோடு கதிரையில் இருந்த அந்த அம்மாவின் முகம் எனக்கு மட்டுமே நினைவிருக்கிறது. அதை அவருடைய மகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.