கோட்டோரத்தில் நிற்கிற வேலை

தங்கச்சிமடம்,
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே காற்று பலமாக அடிப்பதால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை. உன் மச்சான் வீட்டில் உட்கார்ந்து வலை பார்க்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை.

நீ மச்சானிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். உதவிப் பயிற்சியாளராக வா என்று உன் கால்பந்து அணியே கூப்பிட்டும், “கோன் எடுத்து வைக்கவா இத்தனை வருஷம் ஆடினேன்?” என்றாயாம். போனில் நான் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சையத் சாபிர் பாஷாவை உனக்குத் தெரியாதா? இந்தியாவுக்கு ஆடிய ஃபார்வர்டு. இந்தியன் வங்கி அணியில் ஆடினார், அந்த அணிக்கே பயிற்சியாளரும் ஆனார். பிறகு சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளர். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், அந்த ஊர் அணியையே 3-2 என்று சாய்த்து ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கினார்களே, மறுநாள் பேப்பரில் வந்த படமெல்லாம் தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரிகரிதான். அடுத்த வருஷமே அணி கடைசி இடத்துக்குப் போனது. கிரிகரி போய் ஓவன் கோய்ல் வந்தார். 2020 மார்ச்சில் கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் இறுதியாட்டம், ஏ.டி.கே.யிடம் தோல்வி. அப்புறம் லாஸ்லோ, அப்புறம் பாண்டோவிச். 2022 பிப்ரவரியில் கோவா அணியிடம் ஐந்து கோல் வாங்கிய கையோடு பாண்டோவிச்சையும் அனுப்பியபோது, மிச்ச ஆட்டங்களுக்கு அணியை யார் கையில் கொடுத்தார்கள்? பாஷா கையில். பெரியவர்கள் பெட்டியோடு வந்து பெட்டியோடு போனார்கள். எந்தப் பையனுக்கு எந்தக் காலில் வலி, எவன் திட்டினால் சுருங்கிப்போவான், எவனைத் திட்டினால்தான் ஓடுவான் என்பதெல்லாம் தெரிந்த மனிதர் அங்கேயே இருந்தார்.

சண்முகம் வெங்கடேஷையும் எடுத்துக்கொள். இந்தியாவுக்கு நடுக்களத்தில் ஆடியவர். இந்திய அணியின் பயிற்சியாளர் கான்ஸ்டன்டைனுக்கு உதவியாக இருந்தார். 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில், அபுதாபியில் தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்று அடித்ததும் நீ நடுராத்திரியில் எனக்குப் போன் போட்டாய். எட்டு நாள் கழித்து பஹ்ரைனோடு சமன் செய்தாலே போதும் என்ற நிலையில், கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி, எல்லாம் போச்சு. கான்ஸ்டன்டைன் அன்றே விலகினார். வெங்கடேஷ் இருந்தார். அடுத்த பயிற்சியாளராக ஸ்டிமாக் வந்த பிறகும் இருந்தார். அந்தச் செப்டம்பரிலேயே தோஹாவில், ஆசிய சாம்பியன் கத்தாரை நம் பையன்கள் ஒரு கோல்கூடப் போட விடவில்லை.

காலித் ஜமீல் கதை உனக்கே தெரியும். நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் உதவியாளராக இருந்தார். 2021-இல் நடுவில் அணியைக் கையில் கொடுத்தார்கள், அரையிறுதிக்குக் கொண்டுபோனார். இன்று இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர். அங்கேயும் மெத்தை விரித்து வைக்கவில்லை. கடந்த மாதம் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பே போனதும் ஊரே அவரைத்தான் கேள்வி கேட்டது. நீயும் ஒரு நாள் தலைமைப் பயிற்சியாளர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அப்படி ஆனால்தான் மதிப்பு என்று நினைத்தால் இந்த வேலைக்கு நீ போகவே வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நீ அந்த வேலையைச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் நடந்த போட்டிக்கு, முட்டியில் கட்டோடு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாய். இறக்கிவிடவில்லை என்று ஒரு பையன் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். அவன் பக்கத்தில் போய், “அந்த லெஃப்ட் பேக்கைப் பார். வலது காலுக்குப் பந்து போனால் தடுமாறுகிறான். நீ இறங்கினால் உள்பக்கமாகவே அவனைத் தள்ளு” என்றாய். அவனும் அழுகையை விட்டுவிட்டு அந்த லெஃப்ட் பேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினார்கள். கோல் அவன் போடவில்லை; ஆனால் கோலுக்கான பந்து அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. ஊர்க்காரர்கள் கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

கரைவலை இழுக்கும்போது முன்னால் நிற்பவன் பேர் சொல்லித்தான் கத்துவார்கள். கடைசியில் நின்று கயிற்றைச் சுருட்டுகிறவன் ஒழுங்காகச் சுருட்டாவிட்டால் அடுத்த வளைப்பு நடக்காது. அப்பாவைக் கேள், சொல்வார்.

ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று பெரிய ஆட்டக்காரர்களே கையைப் பிசைகிற வருஷம் இது. உன் முட்டியோ இன்னொரு சீசனைத் தாங்காது. டாக்டர் சொன்னதை நீ மறைத்தாலும் மச்சான் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் லைசென்ஸை டி-யிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், காசும் காலமும் பிடிக்கும். இப்போது தொடங்கினால்தான் நாற்பதுக்குள் ஏ லைசென்ஸாவது கையில் இருக்கும். முதல் கோர்ஸுக்கான பணத்தை நான் சீட்டில் எடுத்துத் தருகிறேன், கடனாகத்தான்.

பாம்பன் பையன்கள் இன்னும் மணலில் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவன் நாளைக்குச் சென்னைக்கு வந்தால், தமிழில் விவரம் சொல்ல அணியில் ஒரு ஆள் இருக்க வேண்டாமா?

மானம் போய்விடும் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களிடம் சரி என்று சொல்லிவிடு. சொன்னதும் முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அக்கா