ஊர்களை இணைக்கும் புதிர்

இக்காலத்து இளைஞர் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களுள் ஒருவகைப் புதிர் உண்டு. திரையில் சில புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊராகும். எல்லா ஊர்களுக்கும் செய்தி செல்லுமாறு கோடுகளால் அவற்றை இணைத்தல் வேண்டும். கையிலுள்ள கம்பியோ குறைவு. இதனை வீண்பொழுது என்று இகழ்வாரும் உளர். ஆயினும், கணித அறிஞர் சிலர் அரிதின் முயன்று விடை கண்ட வினா இதுவேயாகும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியாப் பகுதியில் ஊர்தோறும் மின்சாரம் கொண்டு செல்ல முயன்ற காலத்தில், மிகக் குறைந்த கம்பியால் எல்லா ஊர்களையும் இணைப்பது எவ்வாறு என்னும் கேள்வி எழுந்தது. ஓட்டகார் பொரூவ்கா என்னும் கணித அறிஞர் 1926ஆம் ஆண்டில் அதற்கு விடை கண்டு வெளியிட்டார். பின்னர், 1956இல் ஜோசப் கிரஸ்கல் என்னும் அமெரிக்கர் கூறிய வழி மிக எளியது. முதலில் எல்லாவற்றினும் குறுகிய கோட்டை எடுத்துக்கொள்க. அடுத்து, அதற்கடுத்த குறுகிய கோட்டைச் சேர்க்க. ஏதேனும் ஒரு கோடு வட்டமாய்ச் சுற்றி வருமாயின் அதனை மட்டும் விலக்குக. இவ்வாறு பத்து ஊர்களை இணைக்க ஒன்பது கோடுகளே போதும். மறுஆண்டே, தொலைபேசித் துறையின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் பிரிம் மற்றொரு வழியை வெளியிட்டார்.

ஊர்களுக்கு இடையே புதிய சந்திப்பு ஒன்றை அமைக்கலாம் எனின் கம்பி இன்னும் குறையும். ஒன்றற்கொன்று 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூன்று ஊர்களை நேர்க்கோடுகளால் இணைக்க 200 கிலோமீட்டர்க் கம்பி வேண்டும். நடுவே ஒரு சந்திப்பை நிறுவினால் ஏறத்தாழ 173 கிலோமீட்டரே போதும். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மூன்று ஆணிகளை நிறுத்திச் சோப்பு நீரில் தோய்த்து எடுத்தால், நீர்ப்படலமும் இவ்வாறே நடுவிற் கூடி நிற்கும். பள்ளிக்குச் செல்லாத சோப்பு நீர் கணக்கிடும் திறம் வியத்தற்குரியதன்றோ!

எனினும், இச்சிக்கனத்தில் ஓர் இடர் மறைந்துள்ளது. ஒரு கோடு அறுந்தால் வலையே இரண்டாகிவிடும். பசிபிக் மாகடலில் உள்ள டோங்கா நாட்டை வெளியுலகோடு இணைத்தது பிஜித் தீவிற்குச் செல்லும் கடலடிக் கம்பி ஒன்றே. 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எரிமலை வெடித்தபோது அக்கம்பி அறுந்தது. அயல்நாடுகளில் வாழ்ந்த டோங்கா மக்கள், தம் பெற்றோர் உயிரோடு இருக்கின்றனரா என்பதையும் அறிய இயலாது நாட்கணக்கில் தவித்தனர். செயற்கைக்கோள் வழியே சிறிது தொடர்பு மீண்டது. ஆயினும் கம்பி சீராக ஐந்து வாரங்கள் ஆயின.

இத்தகைய நிலையைப் பால் பாரன் என்னும் பொறியியல் அறிஞர் முன்னரே எண்ணியிருந்தார். அணுகுண்டுப் போர் மூண்டால் தொலைபேசி நிலையங்கள் அழியுமே என்னும் அச்சம் நிலவிய காலம் அது. மீன்வலையில் ஓரிழை அறுந்தாலும் வலை பிரிந்துவிடுவதில்லை. அதுபோல ஒவ்வொரு நிலையத்தையும் வேறு பல நிலையங்களோடு இணைத்தால் செய்தி மாற்றுவழியில் சென்று சேரும் என்று அவர் 1964இல் எழுதினார்.

1969ஆம் ஆண்டு இறுதியில், இன்றைய இணையத்திற்கு முன்னோடியான அர்ப்பாநெட் நான்கு நிலையங்களோடு இயங்கியது. நான்கை இணைக்க மூன்று கோடுகள் போதும். ஆனால் அமைத்தவை நான்கு. லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டா பார்பரா, ஸ்டான்போர்டு ஆகிய மூன்றும் முக்கோணமாய்ப் பிணைந்து நின்றன. மிகத் தொலைவிலிருந்த உட்டாவிற்குச் சென்றதோ ஸ்டான்போர்டிலிருந்து ஒரே கோடு.