ஆடிக் காற்றும் சித்திரைத் தண்ணீரும்

ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கும். குற்றாலத்துக்குச் சாரல், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அறுவடை. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். ஐப்பசிக்கு மேல் சும்மா நிற்கும் இறக்கைகளைக் காட்டி 'எல்லாம் தண்டச்செலவு' என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவிடமும் சொன்னேன். "காத்து ஆடியில அடிக்கு. எனக்குத் தண்ணி சித்திரையிலல்லாடே வேணும்?" என்றார். எலுமிச்சைக்கு விலை ஏறுவதும் கிணறு இறங்குவதும் அப்போதுதான்.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகள் சேர்ந்து 2,000தான். ஆனால் உலைக்கு ஆடியும் சித்திரையும் ஒன்று. மின்சாரத்தில் 'எவ்வளவு' என்பதைவிட 'எப்போது' என்பதே பெரிய கேள்வி.

சேமித்து வைக்கலாமே? மொட்டைமாடியில் 10 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் தொட்டி. அத்தனை நீரும் இறங்கி, துளி இழப்பில்லாமல் மின்சாரமானாலும் 0.027 யூனிட். 10 வாட் பல்பு மூன்று மணி நேரம்கூட எரியாது. ராத்திரிக்கு 5 யூனிட் வேண்டுமென்றால் 180 தொட்டிக்கு மேல்! அதனால்தான் ஆனைமலையில், கடம்பாறையில், நீரை மேலேற்றி இறக்கும் 400 மெகாவாட் நிலையத்துக்கு மலையே தேவைப்பட்டது. நமக்கும் மேற்கே மலை இருக்கிறது. ஆனால் அது காடு. அதைத் தொடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

லித்தியம் பேட்டரி? பகல் வெயிலைச் சாயங்காலத்துக்கு நகர்த்த அது போதும். தினமும் நிரப்பிக் காலி செய்தால் வருஷத்துக்கு 365 தடவை உழைத்து, போட்ட காசை எடுத்துவிடும். ஆடியில் நிரப்பிச் சித்திரையில் எடுத்தால் உழைப்பு ஒரே தடவை. எந்தப் பேட்டரிக்கும் அது கட்டுபடியாகாது. ஆகவே ஆடிக்குக் காற்று, சித்திரைக்கு வெயில், சாயங்காலத்துக்குப் பேட்டரி, இடைவெளிக்கு அணுவோ நீரோ. இந்தக் கலவையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக்குச் சோலார் பம்பு போடுவோம் என்றேன். அப்பாவுக்கு ஆசைதான். இப்போதும் கரண்டுக்குக் கட்டணமில்லை; ஆனால் மும்முனை மின்சாரம் நேரம் முடிந்தால் நின்றுவிடும், ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் அதோடு ஓயும். வெயிலை யார் நிறுத்துவது?

"எல்லாரும் போட்டா கெணறு தாங்குமாடே?" என்று கேட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் மின்சாரக் கணக்குதான்.