தண்ணியில மிதந்த செந்தூரம்

எங்க தொழுவத்துல இப்ப அஞ்சு உருப்படி நிக்குது. மூணு கறவை, ரெண்டு கன்னு. பால் சொசைட்டிக்குப் போயிரும். சாணி பாதி வயலுக்கு, பாதி வறட்டிக்கு. ஊருல எல்லா வீட்டுலயும் கேஸ் வந்த பிறகு வறட்டி தட்டுறவங்க குறைஞ்சு போச்சு. நாங்க மட்டும் விடாம தட்டுறோம்னா அதுக்குக் காரணம் பக்கத்து ஊர் வைத்தியர் அண்ணாச்சிதான். பரம்பரையா சித்த வைத்தியம் பார்க்கிற குடும்பம். இவரு பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில படிச்சுப் பட்டமும் வாங்கினவர். பற்பம், செந்தூரம் எல்லாம் கையால செய்வார். புடம் போட வறட்டி நம்ம வீட்டுல இருந்துதான் போகும்.

பட்டணத்துல இருக்கிற உங்கள்ல பலபேரு புடம் போட்டுப் பார்த்திருக்க மாட்டீங்க. உலோகத்தையோ கல்லு உப்பையோ முதல்ல சுத்தி பண்ணுவாங்க. அப்புறம் மூலிகைச் சாறு விட்டு நாள் கணக்கா அரைச்சு, வில்லை தட்டிக் காயவச்சு, ரெண்டு மண் அகலுக்கு நடுவுல வச்சு, சீலைமண் சுத்தி மூடி, வறட்டியில எரிப்பாங்க. நெருப்போட அளவே வறட்டிக் கணக்குதான். காடைப்புடம்னா 1 வறட்டி, கவுதாரிப்புடம் 3, குக்குடப்புடம் 10, வராகப்புடம் 50, கஜபுடம்னா 1000. கஜபுடத்துக்குச் சொல்லி அனுப்பினார்னா எங்க வீட்டு அம்மா ரெண்டு நாள் என்கூட முகம் குடுத்துப் பேச மாட்டா.

வெந்து வந்த மருந்து சரியா முடிஞ்சிருக்கான்னு அண்ணாச்சி பார்க்கிறதை எத்தனையோ தடவை பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். கிண்ணத்துத் தண்ணியில ஒரு சிட்டிகை தூவுவார், மிதக்கணும். மிதக்கிற பொடி மேல ஒரு நெல்லை மெதுவா வைப்பார், அதையும் தாங்கணும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தேய்ச்சா ரேகைக்குள்ள போய் உட்காரணும். வெயில்ல பிடிச்சா ஒரு மினுக்கம் தெரியக்கூடாது. நாக்குல வச்சா ருசி இருக்கக்கூடாது. கடைசியா நெய், தேன், வெங்காரம், குன்றிமணி இதுகளோட சேர்த்து மறுபடி சூடாக்குவார், பழைய உலோகமா திரும்பி வரக்கூடாது.

இந்தச் சோதனைகளை நான் ஒருநாளும் இளக்காரமா நினைச்சதில்லை. நெல்லைப் பல்லுல கடிச்சுப் பார்த்தே ஈரப்பதம் சொல்ற ஆளுங்க எங்க ஊருல உண்டு. கொள்முதல் நிலையத்து மிஷின் 17 சதவீதம்னு காட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிருவாங்க. ஆனா எந்தப் பல்லும் அந்த நெல்லுல எவ்வளவு பூச்சிமருந்து ஒட்டியிருக்குன்னு சொல்லாது. தண்ணியில மிதக்கிற செந்தூரமும் அப்படித்தான். நல்லா நைஞ்சிருக்கு, நல்லா வெந்திருக்குன்னு சொல்லும். அதுல ஈயம் எவ்வளவு, அது ஒருத்தர் ரத்தத்துல ஏறுமா ஏறாதான்னு சொல்லாது.

இதையெல்லாம் யோசிக்க வச்சது எங்க மச்சானோட வயித்துவலி. என் தங்கச்சி வீட்டுக்காரர். சர்க்கரை வியாதி. எங்கேயோ ஒரு கண்காட்சியில ஒருத்தர்கிட்ட பொடி வாங்கி நாலு மாசம் சாப்பிட்டிருக்கார். டப்பாவுல ‘சுத்த மூலிகை’ன்னு மட்டும் எழுதியிருந்தது. முதல்ல மலச்சிக்கல், அப்புறம் வயித்தை முறுக்கிப் பிடிக்கிற வலி, ஆளு வெளுத்துப் போயிட்டார். ஸ்கேன் எடுத்தாங்க, குழாய் விட்டுப் பார்த்தாங்க, கேஸ் மாத்திரை கிலோ கணக்குல தின்னார். ஒண்ணும் பிடிபடலை. கடைசியில ஒரு சின்ன வயசு டாக்டர், ரத்தத்தைக் கண்ணாடியில தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டு, சிவப்பணுக்குள்ள நீலப் புள்ளி புள்ளியா இருக்கே, நாட்டு மருந்து ஏதும் சாப்பிடுதீங்களான்னு கேட்டிருக்கார். ரத்தத்துல ஈயம் பார்த்தா 100 மில்லிக்கு 84 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருதுன்னு தேடச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம்.

அந்தப் பொடியையும் சோதிச்சாங்க. ஈயம் அதுலதான் இருந்தது. அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விதான் எங்க எல்லாருக்கும் தூக்கி வாரிப்போட்டுது. “வீட்டுல வேற யாரு சாப்பிடுதாங்க?”

மச்சானோட மருமக. கல்யாணமாகி ரெண்டு வருஷம், குழந்தைக்காகக் காத்திருக்கிற பொண்ணு. அதே ஆளுகிட்ட கர்ப்பப்பைக்குன்னு இன்னொரு பொடி வாங்கி ரெண்டு மாசமா சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. அவளுக்கு 14. ஈயம் எலும்புல போய்த் தங்கும், வருஷக்கணக்கா இருக்கும். கர்ப்பமானா எலும்புல இருந்து கரைஞ்சு ரத்தத்துக்கு வந்து பிள்ளைக்கும் போகும், பிள்ளையோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். டாக்டர் பொறுமையா சொன்னார். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. நியூயார்க் நகரத்துல 2011, 2012ல இதே மாதிரி ஆறு கர்ப்பிணிகளுக்கு ரத்தத்துல ஈயம் ஏறியிருந்ததை அமெரிக்க அரசாங்கமே வெளியிட்டிருக்கு. அதுக்கும் காரணம் ஆயுர்வேத மருந்துதான்.

நான் நேரா அண்ணாச்சிகிட்ட போனேன். கோபமா இல்லை, கேட்டுக்கிறதுக்கு.

“செஞ்சவனைத் திட்டு தம்பி, வைத்தியத்தைத் திட்டாத”ன்னார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார், அது எனக்குப் புதுசு. சித்தத்துல நாக பற்பம்னா துத்தநாகத்துல செய்யறது. ஆயுர்வேதத்துல நாக பஸ்மம்னா ஈயத்துல செய்யறது. பேரு ஒண்ணு, சரக்கு வேற. தெரியாதவன் ஒருத்தன் புத்தகத்தைப் பார்த்துக் கலந்தான்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

லிங்கத்தைப் பத்தியும் வாதாடினார். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, லேசுல கரையாது, வயித்துக்குள்ள போனாலும் பெரும்பாகம் வெளிய போயிரும். ஆய்வகத்துல கடுமையான அமிலத்துல கரைச்சு மொத்தப் பாதரசம் இவ்வளவுன்னு எண்ணு போட்டா அது நியாயமான்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஈயத்துக்கு அந்த வாதம் செல்லாதே அண்ணாச்சி, மச்சான் ரத்தத்துல 84 நிக்குதேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

சட்டம் இல்லாம இல்லை. 1940ஆம் வருஷத்து மருந்து, அழகுப்பொருள் சட்டத்துக்குக் கீழ வர்ற விதிகள்ல இ(1)னு ஒரு பட்டியல் உண்டு. லிங்கம், வீரம், வெள்ளைப் பாஷாணம், எட்டி மாதிரி நச்சுச் சரக்கெல்லாம் அதுல வரும். அது சேர்ந்த உள்மருந்துன்னா, மருத்துவர் மேற்பார்வையில சாப்பிடணும்னு எச்சரிக்கை போட்டே ஆகணும். எந்த மொழியில? இங்கிலீஷ்லயும் இந்தியிலயும். எங்க மச்சானுக்கு ரெண்டுமே வராது.

அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துக் கடைகள்ல வித்த 70 ஆயுர்வேத மருந்தை வாங்கிச் சோதிச்சு 2004ல முடிவை வெளியிட்டாங்க. 14ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதுக்கப்புறம் நம்ம அரசாங்கம் உத்தரவு போட்டுது: 2006 ஜனவரி 1ல இருந்து ஏற்றுமதி ஆகிற மூலிகை மருந்தை கன உலோகத்துக்குச் சோதிக்கணும். வரம்பு ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஒரு பிபிஎம்னா ஒரு கிலோவுல ஒரு மில்லிகிராம். 2008ல மறுபடி ஒரு ஆய்வு வெளிவந்தது, இணையத்துல வித்த 193 மருந்தைப் பார்த்தது. அதுலயும் அஞ்சுல ஒண்ணுல உலோகம். இந்தியாவுல செஞ்சது, அமெரிக்காவுல செஞ்சதுன்னு பெரிய வித்தியாசமும் இல்லை.

உலோகமே சேர்க்காத மருந்துல எப்படி வரும்னு கேப்பீங்க. அது விவசாயிக்குத் தெரியும். கரிசலாங்கண்ணி சாக்கடை ஓரத்துலதான் தளதளன்னு வளரும். அதை அறுத்து மூட்டை கட்டிக் குடுத்தா ஏவாரி எடை போட்டு வாங்கிட்டுப் போவார், எந்த இடத்துல அறுத்ததுன்னு கேக்க மாட்டார். செடிக்கு நல்லது கெட்டது தெரியாது, மண்ணுல இருக்கிறதை உறிஞ்சும். நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோட நின்னு போச்சு. ரோட்டோர மண்ணுல விழுந்த ஈயம் அங்கேயேதான் கிடக்கு.

அண்ணாச்சி ஒரு மாசம் கழிச்சு அவரா வந்து சொன்னார், அவரோட அயச் செந்தூரத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன்னு. நான் கேக்கவே இல்லை. இரும்புல செஞ்ச மருந்து, அதுல ஈயம் வர வழியே இல்லைன்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம். அறிக்கையில ஈயம் 23 பிபிஎம். அந்தத் தடவை இரும்புத்தூள் புது இடத்துல வாங்கியிருக்கார். பழைய பெயின்ட் அடிச்ச இரும்பை ராவினதா இருக்கும்னு அவருக்குச் சந்தேகம். அதே செந்தூரம் தண்ணியில மிதந்தது. நெல்லைத் தாங்கிச்சு. ரேகையில உட்கார்ந்துச்சு. நானே பார்த்தேன்.

முழுசையும் யாரும் எடுக்க முடியாதபடி சிமெண்டுல குழைச்சுக் கட்டியாக்கிட்டார். என் வறட்டிக்கு உண்டான காசை எண்ணி வச்சுட்டு, “அடுத்த ஈடுல இருந்து ஒவ்வொண்ணும் ஆய்வகம் போயிட்டுத்தான் நோயாளிக்குப் போகும்”னார். செலவு கூடத்தான் செய்யும், மருந்து விலையும் ஏறும். ஏறட்டும். முன்னாடி செய்யறவருக்குச் சாப்பிடுறவரைத் தெரியும், நாடி பிடிச்சுக் குடுத்தார், பத்தியம் சொன்னார், பத்து நாள்ல திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். இப்ப மருந்து கூரியர்ல போகுது.

அதனால நீங்க வாங்குறப்ப, அந்த டப்பாவுல அச்சடிச்ச தொகுதி எண்ணுக்குச் சோதனை அறிக்கை இருக்கான்னு கேளுங்க. கம்பெனிக்குச் சான்றிதழ் இருக்குன்னு சொன்னா அது போதாது, அந்த ஈடுக்கு வேணும். குடுக்கத் தயங்குற இடத்துல வாங்காதீங்க. பிள்ளைங்களுக்கும் பிள்ளை எதிர்பார்க்கிறவங்களுக்கும் அறிக்கை இல்லாம ஒரு சிட்டிகை கூட வேண்டாம். இங்கிலீஷ் டாக்டர்கிட்ட போனா நாட்டு மருந்து சாப்பிடுறதை மறைக்காதீங்க, திட்டினா திட்டிட்டுப் போகட்டும். ஏற்கெனவே பேரு தெரியாத பொடி சாப்பிட்டுக்கிட்டிருந்தா ரத்தத்துல ஈயம் பாருங்க.

மச்சானுக்கு ஈயத்தைப் பிடிச்சு மூத்திரத்துல வெளியேத்துற மருந்து குடுத்தாங்க. 84 இறங்கி இப்ப 31. எலும்புல இருக்கிறது வந்துக்கிட்டே இருக்கும், மாசாமாசம் பார்க்கணும். வயித்துவலி நின்னு போச்சு, வரப்பு வெட்ட வந்துட்டார். மருமகளுக்கு மருந்து வேண்டாம், பொடியை நிறுத்தினாலே போதும்னாங்க. போன பரிசோதனையில 8. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், அதுவரைக்கும் பிள்ளைப் பேச்சு வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அடுத்தது தை மாசம், அறுவடைக்கு முன்னாடி.